சுண்ணாம்பு வேண்டாம் என்றவர்கள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை பதுளை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா சுருக்குப் பையை அவிழ்த்ததும் புகையிலை வாசனை குப்பென்று அடித்தது. என்னை அறியாமல், "சுண்ணாம்பு வச்சா வாய் எரியுதாங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹாலிஎல ஆளாக இருக்க வேண்டும். பசறை ஆளாக இருந்தால் இந்தக் கேள்வி யாருடையது என்று தெரிந்திருக்கும்.

பசறை பஸ் ஸ்டாண்டில் உங்கள் வெற்றிலைக் கடையைத் தாண்டிப் போகிற யாரையும் நீங்கள் சும்மா விட்டதில்லை. என்னைக் கண்டால் "வாங்க ஆபீஸரம்மா" என்பீர்கள். நான் வெறும் கிளார்க்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று உறுதியானவர்களின் பெயர், வயது, ஊர், எந்த இடத்தில் நோய் என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி, வருடக் கடைசியில் கூட்டிக் கொடுப்பது என் வேலை. இதைக் கேட்டதும், இப்படியும் ஒரு உத்தியோகமா என்று தலையில் அடித்துக்கொண்டவர் நீங்கள்.

கொரோனா வந்த அந்த வருடம் உங்களுக்கும் மறந்திருக்காது. ஊரடங்கு, எப்போதாவது ஓடுகிற பஸ், ஆளுக்கொரு மாஸ்க். தொற்று என்று சொல்லித் தேயிலைத் தோட்டங்களை இடையிடையே மூடினார்கள். கிளினிக்குக்கு அவசரம் என்றால் மட்டும் வரச் சொன்னார்கள். வெளியில் போகும்போதும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மாஸ்க்குக்குள் நிம்மதியாக மெல்லலாம் என்று என் அம்மாவுக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்த வருடக் கணக்கைக் கூட்டியபோது வாய்ப் புற்றுநோய் நன்றாகக் குறைந்திருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினேன். அதே எண்தான். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்து, "விழிப்புணர்வு பலன் தந்துள்ளது" என்று ஒரு வரியும் எழுதிவைத்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் உங்களிடம்தான் ஓடி வந்து சொன்னேன்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"நோயி எங்கம்மா குறைஞ்சுச்சு? பஸ்ஸுதானே குறைஞ்சுச்சு."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தீர்கள். இந்தத் தோட்டத்துக் கங்காணி, அந்தத் தோட்டத்துக் கொழுந்துக்காரி, சந்தையில் மரக்கறி விற்கிறவர். எல்லோரும் முன்பெல்லாம் சுண்ணாம்பு தூக்கலாகக் கேட்டவர்கள். இப்போது எரிகிறது, சுண்ணாம்பே வேண்டாம் என்கிறார்கள். வாய்க்குள் புண் இருந்தால்தான் அப்படி எரியும் என்றீர்கள். முன்பு அப்படி யாராவது சொன்னால் திட்டிக் கிளினிக்குக்கு அனுப்புவீர்களாம், இந்த வருடம் யாரை எங்கே அனுப்புவது என்று கேட்டீர்கள். பிறகு, அம்மாவுக்காக வழக்கம்போல் வாங்கி என் கையில் வைத்திருந்த வெற்றிலைப் பொட்டலத்தைப் பார்த்தீர்கள்.

"உங்கம்மாவுக்கும் தீபாவளியில இருந்து சுண்ணாம்பு இல்லாமத்தானே கட்டிக் குடுக்குறேன். ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவங்க, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது அக்கா. அம்மா "சுண்ணாம்பு வேணாம்னு சொல்லு" என்பாள், நானும் வந்து சொல்லுவேன், நீங்களும் கட்டித் தருவீர்கள். நோய் குறைந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு வந்தவள், என் பதிவேட்டில் ஏறாத ஒரு ஆளுக்குத் தினமும் வெற்றிலை சுமந்துகொண்டிருந்தேன்.

அம்மா கிளினிக்குக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சோறு இறங்குகிறது, வேலைக்குப் போகிறேன், பிறகென்ன என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். கிளினிக்கில் எழுதித் தருகிற துண்டுச் சீட்டைக் காட்டினால்தான் இனி வெற்றிலை என்று சொல்லி அனுப்பினீர்கள். அம்மா உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினாள். இரண்டு நாள் தாங்கினாள். மூன்றாம் நாள், அந்தத் துண்டை வாங்கி உங்கள் முகத்தில் எறிவதற்காகவே என்னோடு பஸ் ஏறினாள்.

கன்னத்தின் உள்பக்கம் ஒரு சின்னப் புண். சதைத் துண்டு எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். அம்மாவின் பெயரை நானே பதிவேட்டில் எழுதினேன். அன்றைக்கே அந்த விழிப்புணர்வு வரியை அடித்துவிட்டு, "ஆட்கள் வரவில்லை, அதனால் எண் குறைவு" என்று எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு, எரிகிறது என்ற எல்லோரிடமும் துண்டு கேட்க ஆரம்பித்தீர்கள். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள், மீதிப் பேர் கிளினிக்குக்கு வந்தார்கள். நோயைத் தருவதையே விற்றுக்கொண்டு இது என்ன நியாயம் என்று ஒருநாள் உங்களோடு சண்டை பிடித்தேன். "நான் கடையை மூடிட்டா வேற கடையில வாங்குவாங்க. அங்க எரியுதான்னு யாரு கேப்பா?" என்றீர்கள். அந்தப் பதிலில் எனக்கு இன்னமும் முழுச் சம்மதம் இல்லை.

போன ஆடியில் நெஞ்சு வலிக்கிறது என்று கடையிலேயே உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. செத்த வீட்டில் வெற்றிலைத் தட்டம் சுற்றி வந்தது. நீங்கள் துண்டு கேட்ட ஆட்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டம் கிட்டே வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், யாரும் கை நீட்டவில்லை. அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள்.

அந்தக் குறைந்த வருடத்துக்குப் பிறகு எண் ஏறியது. ஏன் ஏறியது என்று கூட்டத்தில் கேட்டார்கள். வராமல் இருந்தவர்கள் இப்போது வந்திருக்கிறார்கள் என்றேன். இப்போதெல்லாம் பதிவேட்டில் எந்த ஊருக்கு எதிரே எண் இறங்கினாலும் எனக்கு உடனே சந்தோஷம் வருவதில்லை. அந்தப் பக்கம் பஸ் ஓடுகிறதா என்று விசாரிக்கிறேன். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் அது, விட மாட்டேன்.

ஏறிய அந்த எண்ணிக்கையில் ஒன்று என் அம்மா. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே, இவ்வளவு நேரமாக யாருக்கு எழுதுகிறாய் என்கிறாள். உங்களுக்கு என்றேன்.

"துண்டு கொண்டுபோய்க் காட்டியும் எனக்கு வெத்தலை தரலைன்னு எழுது" என்கிறாள்.