அப்பாவின் பெயர் ஒட்டிய போத்தல்

சுருவில்,
21.04.2024

அன்புள்ள தம்பி ரஜீபனுக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்பது விளங்கிய பிறகுதான் பேனையை எடுத்தேன். கனடாவுக்குக் கடிதம் போட முத்திரை கேட்டபோது தபால் கந்தோரில் இருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கிருசாந்திக்கும் குஞ்சு வினோஜாவுக்கும் என் அன்பைச் சொல்லு. நாங்கள் இருக்கிறோம்.

போன புதன்கிழமை கீரிமலையில் அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. முப்பத்தொரு நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மகன் வரேல்லையோ?" முதலில் லீவு கிடைக்கவில்லை என்றேன். பிறகு விமான ரிக்கெற் கிடைக்கவில்லை என்றேன். எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வந்த தில்லைநாதன் மாமா, அப்படியென்றால் கப்பலிலாவது வெளிக்கிட்டிருக்கலாமே என்றார். உனக்காகப் பொய் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது.

கொள்ளி வைத்தது உன் அத்தான். பெற்ற மகன் உயிரோடு இருக்க, மருமகன் குடம் தூக்கிக்கொண்டு போனார். வாசல் படலையடியில் நின்று பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை.

கடைசிக் கிழமை ஏழு நாளும் அப்பாவுக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. ஆனாலும் காலையில் கண் திறந்ததும் "தம்பி போன் எடுத்தவனோ?" என்று கேட்பார். எடுத்தவன் என்பேன். என்ன சொன்னவன் என்று கேட்பார். அதற்கும் ஏதாவது கட்டிச் சொல்லுவேன். அவர் நம்பினாரோ என்னவோ, தலையை ஆட்டுவார்.

இரண்டு வருசமாக நீ இப்படித்தான். எடுத்தால் இரண்டு நிமிசம், சுகமோ, சாப்பிட்டியளோ, வைக்கிறன். அம்மா உன்னைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் உனக்குப் போன் அடித்தால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுகிறா. இந்த வீடு எனக்குச் சீதனமாக வந்ததில் உனக்குக் கோபமோ? நான் ஏதும் செய்துவிட்டேனோ? செய்திருந்தால் சொல்லிவிடு. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது.

பிள்ளையின் சுகம் என்ன? எங்களுடைய எச்சிலைப் போத்தலில் வாங்கிச் சீனி வருத்தம் பார்த்தாயே, அதன் முடிவைக்கூட நீ சொல்லவில்லை.

உன்னைக் கோபிக்கவும் தெரியாத அக்கா,
சுலோஜனா


ஸ்காபரோ,
09.05.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் மூன்று நாள் திறக்கப்படாமல் காருக்குள் கிடந்தது. நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மாவின் கண்ணில் படக் கூடாது.

2022இல் நான் அனுப்பிய போத்தல்கள் சீனி பார்ப்பதற்கல்ல. உங்களுக்குப் பொய் சொன்னேன். அந்த வருசம் வினோஜா பள்ளிக்கூட ஓட்டத்தில் மயங்கி விழுந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. இருதயத் துடிப்பை நடத்துகிற மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று. என்னைச் சோதித்தபோது என்னிடமும் அது இருந்தது. அது ஆபத்தான மாற்றமா அல்லது சும்மா ஒரு எழுத்துப்பிழையா என்று வைத்தியருக்கே தெரியவில்லை. குடும்பத்தில் வயதுபோன ஒருவர் அதே மாற்றத்தோடு விழாமல் மயங்காமல் வாழ்ந்திருந்தால் பயம் பெருமளவு குறையும் என்றார். அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. வேலணைச் சந்தைக்குச் சைக்கிளில் போய்வருகிறவர். அவரிடம் அது இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அம்மாவின் போத்தலில் அந்த மாற்றம் இல்லை. ஆகவே எனக்கு அது தகப்பன் வழியாகத்தான் வந்தது. அப்பாவின் போத்தலிலும் இல்லை. அதோடு வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு விசயமும் தெரியவந்திருக்கிறது, கேட்க விருப்பமா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு பிள்ளையின் மரபணுவில் சரிபாதி தகப்பனுடையதாக இருக்குமாம். அப்பாவின் பெயர் ஒட்டிய போத்தலுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை.

நான் அவருடைய பிள்ளை இல்லை, அக்கா. அவர் செத்த அன்று ரிக்கெற் எடுத்து, விமான நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன். எவனோ ஒருவனின் பிள்ளை கொள்ளி வைப்பது, என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதருக்குச் செய்கிற துரோகமாகப் பட்டது. அதற்கு அத்தான் எவ்வளவோ மேல்.

வினோஜா இப்போது ஓடுவதில்லை, நீந்துவதில்லை. காலையும் மாலையும் இருதயக் குளிசை விழுங்குகிறாள். எவனென்று தெரியாத அந்த ஆள் எத்தனை வயதில் விழுந்து செத்தானோ என்று யோசித்துக்கொண்டுதான் நான் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறேன்.

ரஜீபன்


சுருவில்,
27.05.2024

என் தம்பி,

கிழிக்கச் சொன்னாய். கிழிக்க மனம் வரவில்லை. அலுமாரியில் என் சீலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் போத்தலில் இருந்தது அப்பாவின் எச்சில் இல்லை. என் மனுசனுடையது.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். எப்படிச் சுற்றி வளைத்தாலும் விசயம் அந்த ஒரு வரிதான். மிச்சத்தையும் கேள்.

அப்பாவை உனக்குத் தெரியும்தானே. மாத்தறையில் பன்னிரண்டு வருசம் கடை நடத்தியும் வெளியில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் வாய் வைக்காதவர். செம்பை அண்ணாந்துதான் குடிப்பார். அம்மா மறுபேச்சில்லாமல் துப்பித் தந்தா. அப்பா போத்தலைக் கண்டதும் முகத்தைச் சுழித்தார். "என்ர எச்சிலை அடைச்சுத் தபாலிலை அனுப்பிறதோ? எனக்குச் சீனி இல்லை. இருந்தாலும் கனடாவிலை இருக்கிறவங்களுக்கு என்ன?" என்றார். நான்கு நாள் கெஞ்சினேன். நீயோ காலையும் மாலையும் போன் எடுத்து, அப்பாவினது ஆயிற்றா என்று கேட்டாய். பொதி எடுக்க வருகிறவன் வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் நிற்பான் என்றாய். வியாழக்கிழமை மத்தியானம் உன் அத்தான் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, "கொண்டா, எனக்கெண்டாலும் சீனி இருக்கோ எண்டு பாப்பம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் போத்தலை நீட்டினேன். கோடு வரை நிறையத் துப்பினார். அப்பாவின் பெயரை நான்தான் ஒட்டினேன், வளையாமல், வடிவாக.

சீனிதானே என்று நினைத்தேன். அத்தானுக்கு இருந்தால் நீ அப்பாவுக்கென்று குளிசை அனுப்புவாய், அதை இவர் போடட்டும் என்றுகூட நினைத்தேன். அப்படிப்பட்டவள் உன் அக்கா. அப்பா தந்துவிட்டார் என்று உனக்குச் சொன்னபோது நாக்குக் கூசவில்லை. நீ சந்தோசப்பட்டாய். நீ அவ்வளவு சந்தோசப்பட்டது ஏன் என்று ஒரு கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும்.

நீ உண்மையைச் சொல்லியிருந்தால் என்று ஒரு வரி எழுதி வெட்டியிருக்கிறேன். வெட்டினது உனக்குத் தெரியும்படியே விட்டிருக்கிறேன். ஆனால் அப்பா காத்திருந்து செத்ததும், அவர் பெற்ற மகன் தான் அவருக்குப் பிறக்கவில்லை என்று நம்பி விமான நிலையத்திலிருந்து திரும்பிப் போனதும் என்னால்தான். அத்தானுக்குச் சொன்னேன். "கொள்ளியும் நான்தானே வைச்சனான்" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

என் எச்சிலை அனுப்பினால் ஏதும் உதவுமோ? இரத்தம் வேண்டுமென்றால் இரத்தம் தருகிறேன். பிள்ளையை இரண்டு வருசமாக ஓட விடாமல் பிடித்து வைத்திருந்தது நான்.

சுலோ


ஸ்காபரோ,
20.06.2024

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றை நீங்கள் வாசிக்காதது நல்லது. இது ஐந்தாவது.

கோபம் அடங்கிய பிறகு ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. வயதுபோனவர்களுக்கு மரபணு விளங்காது, வீணாகப் பயப்படுவார்கள் என்று நானே முடிவெடுத்தேன். எதற்கான சோதனை என்பது தருகிறவருக்கு விளக்கப்பட்டது என்று படிவத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் அம்மாவுக்காகவும் அப்பாவுக்காகவும் நானே கையெழுத்து வைத்தேன். பேத்திக்கு வேண்டுமென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பா போத்தல் என்ன, வாளி நிறையத் துப்பித் தந்திருப்பார். அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. நீங்கள் வெட்டிய வரியை நான் எழுதிக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப் போவதற்கு என்னை மன்னிக்க வேண்டாம். முடிவு வந்த கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்து, "என்ர தகப்பன் ஆர்?" என்று கேட்டேன். சோதனைத் தாள் கையில் இருக்கிறது, பொய் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். பெற்ற தாயிடம் அப்படித்தான் கேட்டேன், அக்கா. அம்மா, "அப்பா இஞ்சைதான் நிக்கிறார். குடுக்கட்டோ?" என்றா. நான் போனை வைத்துவிட்டேன். அம்மா கதையை மாற்றுகிறா என்று நினைத்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னா என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அப்பா கடையில் இருந்த காலத்தில் ஊருக்கு எப்போது வந்துபோனார் என்று கலண்டரை வைத்து மாதம் எண்ணிப் பார்த்தேன். ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்து நின்றிருக்கிறார். பங்குனியில் நான் பிறந்தேன். கணக்குச் சரியாக இருந்தது. இருந்தும் தாளைத்தான் நம்பினேன்.

உங்களுக்கு ஒரு போத்தல் அனுப்புகிறேன். இம்முறை எதற்கென்று எழுதுகிறேன். அந்த மாற்றம் உங்களிடம் இருந்தால், அது அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், அம்மாவிடம் இல்லையே. உங்களிடம் இல்லாவிட்டால் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பாதிக்குப் பாதிதான். இருந்தால், இருக்கிறது என்பதை நீங்களும் அறியவேண்டி வரும். அதில் விருப்பமில்லாவிட்டால் அனுப்ப வேண்டாம். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

தம்பி


ஸ்காபரோ,
14.10.2024

அன்புள்ள அக்கா,

உங்களிடம் இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரு தாய் ஒரு தகப்பனின் பிள்ளைகள் என்றும் தாளில் இருக்கிறது. அதை வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எண்பது வயது வரை அப்பா அந்த எழுத்தோடு சைக்கிள் ஓடியிருக்கிறார். வைத்தியர் உங்களையும் என்னையும் சேர்த்து எண்ணி, பிள்ளையின் மற்றச் சோதனைகளையும் திரும்பப் பார்த்துவிட்டு, குளிசையை மெல்ல மெல்ல நிறுத்தலாம், ஓட விடலாம் என்றார். வினோஜா ஆசுப்பத்திரிக் கார்த் தரிப்பிடத்திலேயே ஓடினாள். திரும்பி வந்து, நான் ஏன் அழுகிறேன் என்று கேட்டாள். தாத்தா ஓடலாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவர் செத்துப் போனாரே என்றாள்.

ஆண்டுத் திவசத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அம்மாவிடம் நடந்ததெல்லாம் நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் துணிவில்லை.

ரஜீபன்


சுருவில்,
12.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கும் துணிவு வர மூன்று மாதம் எடுத்தது. பொங்கலுக்கு முன் சொல்லிவிட வேண்டுமென்று நேற்றுத்தான் சொன்னேன். நீ வா. அம்மா வரச் சொன்னா. வினோஜாவையும் கூட்டிவரட்டாம், சாட்டிக் கடற்கரையில் ஓடி விளையாடலாமாம். மற்றவை உனக்குத் தெரியவேண்டும் என்பதால் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அம்மா குசினி வாசலில் இருந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தா. பிள்ளையின் மயக்கத்தில் தொடங்கி, அத்தானின் எச்சில், நீ விமான நிலையத்திலிருந்து திரும்பியது, கடைசித் தாள் வரை சொன்னேன். கை நிற்கவில்லை, உரித்தபடியே கேட்டா. என்னை ஏசுவா, கையில் இருப்பதைத் தூக்கி எறிவா என்று நினைத்திருந்தேன். எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவன் கேட்ட அண்டே எனக்குத் தெரியும், எங்கையோ பிழைச்சுப் போச்செண்டு" என்றா. அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருப்பேனே, அப்பா சாகும்வரை தம்பி தம்பி என்று கேட்டுக்கொண்டு கிடந்திருக்க மாட்டாரே என்று கத்திவிட்டேன். கத்துகிற தகுதி எனக்கில்லை என்பது கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"உன்னட்டைச் சொன்னா நீ கொப்பரிட்டைச் சொல்லுவாய்" என்றா.

சொன்னால் என்ன, அப்பா அதை நம்பியிருப்பாரா என்றேன். அப்போதுதான் கிழங்கைக் கீழே வைத்தா.

"அவர் மாத்தறையிலை, நான் இஞ்சை. பன்னிரண்டு வருசம். சனம் என்னென்னவோ கதைச்சது. அவர் ஒரு நாளும் என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. தாள் எண்டு ஒண்டு வந்தா கேப்பாரோ எண்டு பயந்திட்டன். போனைக் குடுத்திருக்கலாம், பக்கத்திலைதான் நிண்டவர். குடுத்திருந்தா, நான் துப்பவே இல்லையடா எண்டு அவரே சொல்லியிருப்பார்."

பிறகு கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, "தம்பி என்னை நம்பேல்லை எண்டு எனக்குக் கோவமில்லை எண்டு எழுது. நான் அவரை நம்பேல்லை. அதை நான் ஆரட்டைப் போய்ச் சொல்லுறது?" என்று கேட்டா.

மிச்சக் கிழங்கை நான் எடுத்து உரித்தேன். நீ வந்தால் உன்னிடமும் கேட்பா.

உன் அக்கா,
சுலோஜனா