தரமான சம்பவம்

ஞாயிறு, ராத்திரி.

வரப்புத் தகராறுல எங்க வீட்டுக்காரரும் அவுக அண்ணனும் மூணு வருசமா பேசிக்கிறதில்லை. இன்னைக்குப் பரளச்சியில அந்த அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. எங்க வீட்டுக்காரரு மட்டும் போனாக. நான் அருப்புக்கோட்டையிலயே இருந்துட்டேன்.

காலையில பதினோரு மணிக்கு அந்த அண்ணன் மகன் கார்த்தி குடும்பக் குரூப்புல போட்டிருந்தான்: "சித்தப்பா தரமான சம்பவம் பண்ணிட்டாரு."

எங்க பக்கம் சம்பவம்னா வெட்டுக்குத்து. கார்த்தியும் போனை எடுக்கலை, அவுகளும் எடுக்கலை. மதுரையில இருக்கிற என் தம்பிகிட்ட, வக்கீலைக் கூட்டிக்கிட்டு பரளச்சிக்கு வரச் சொன்னேன். பஸ்ஸுல அழுதுக்கிட்டே போனேன்.

பந்தல்ல அவுக வேட்டியை மடிச்சுக் கட்டி, மேளத்துக்கு ஆடிக்கிட்டிருந்தாக. கூடவே அண்ணனும் ஆடுறாக.

"ஏண்டா, என்னடா சம்பவம்?"னு கார்த்தியைப் பிடிச்சுக் கேட்டேன்.

"இதான் சித்தி. சித்தப்பாவே வந்து அப்பா கையைப் பிடிச்சு இழுத்து ஆட வச்சுட்டாரு. வேற லெவல்."

அவன் மண்டையில ஒரு கொட்டு வச்சேன்.

அதுக்குள்ள தம்பி வக்கீலோட வந்து இறங்கிட்டான். ரெண்டு பேரையும் பந்தியில உக்கார வச்சேன்.

"யாரை வெட்டினாரு?" வக்கீல் மெதுவாக் கேட்டாரு.

"கிடாயை"ன்னு சொல்லி அவரு இலையில இன்னும் ரெண்டு துண்டு கறி வச்சேன்.

நான் எதுக்கு ஓடி வந்தேன்னு அவுக இன்னும் கேக்கலை. அவுகளைப் போயி அப்படி நெனச்சுட்டேன்னு எப்படிச் சொல்ல.