லேபிள் வேறு, காய்ச்சல் ஒன்று

இன்று காலை பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்தேன். நடுப்பக்கத்தில் ஊதா நிறத்தில் உன் கட்டைவிரல் ரேகை. சோதனைக்காகக் கண்ணாடியில் தடவிய ரத்தத்துக்குச் சாயம் போட்ட கையோடு குறிப்பேட்டைப் பிடுங்கி, நான் எழுதியதை அடித்துத் திருத்திய நாளில் பதிந்தது. அதைப் பார்த்ததும் துக்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. நீ போய் இரண்டு தீபாவளி முடிந்துவிட்டது. என்னைத் திருத்துவதை மட்டும் நீ நிறுத்தவில்லை.

ஆமத்தூர்ப் பக்கம் நீ வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், மலேரியா ஒருமுறை வந்தவருக்கு மறுபடி ஏன் வருகிறது என்று கேட்டேன். பத்திரிகையில் போட ஒரு வரியில் சொல் என்றேன். உன்னிடம் ஒரு வரியில் எதையும் வாங்க முடியாது என்பது முப்பது வருடப் பழக்கத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒட்டுண்ணியின் மேல்பரப்பில் புரதங்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டுதான் உடம்பு அதை அடையாளம் காண்கிறது, ஆனால் அதே புரதம் ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி கொஞ்சம் வேறுபடுகிறது, ஒரே ஆளின் ரத்தத்தில்கூட இரண்டு மூன்று வகை கலந்திருக்கலாம் என்று நீட்டிக்கொண்டே போனாய். நான் பேனாவை மூடினேன்.

“ஏலே பேப்பர்காரா, சிவகாசிப் பக்கத்துல பொறந்துட்டு இதுகூடப் புரியலையா? ஒரே சரவெடி. ஒரு ஆர்டருக்கு மயில் லேபிள், இன்னொரு ஆர்டருக்குப் புலி லேபிள். உன் உடம்பு லேபிளத்தான் படிக்கும். போன வருசம் மயிலப் படிச்ச உடம்பு, இந்த வருசம் புலி வந்தா முழிக்கும்லே.”

“இது போதும். இதையே போட்டுருதேன்.”

“போதாது. பல தடவ வந்து வந்து பழகுனா ஓரளவு தாங்கும். அதையும் போடு. இல்லன்னா எதையும் போடாத.”

செய்தி வந்தது. ‘ஒருமுறை வந்த மலேரியாவை உடம்பு அடையாளம் வைத்துக்கொள்ளும்’ என்ற வரி இருந்தது. லேபிளும் இல்லை, புலியும் இல்லை. அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். வெட்டியது நான்தான். உனக்கு அது அப்போதே தெரியும் என்பது வேறு விஷயம்.

எம். புதுப்பட்டியில் கருப்பசாமி, பட்டாசு லோடு ஏற்றி லாரியோடு ஒடிசா வரை போய்வருகிறவர். முந்தின வருடம் அங்கிருந்து மலேரியாவோடு வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். அந்தச் சீசனில் ஊர் திரும்பியதும் மறுபடி குளிர்காய்ச்சல். ரத்தம் எடுக்கப் போன உன்னிடம், சோதனை தேவையில்லை என்று என் செய்தியை நீட்டியிருக்கிறார். நீ எனக்குப் போன் செய்தாய்.

“கெளம்பி வா. வந்து உன் வாயால சொல்லு.”

கருப்பசாமி இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். “எனக்குத்தான் போன வருசமே வந்து போச்சே, அண்ணாச்சி. நீங்கதான எழுதியிருக்கீக?”

“நான் எழுதினது பாதிதான்” என்றேன்.

கதவோரம் நின்ற அவர் மனைவி கேட்டார்: “அப்ப மீதிய எங்கன வச்சிருக்கீக?”

நீ உதவிக்கு வரவில்லை. கையில் ஊசியும் ரத்தம் தடவும் கண்ணாடித் தகடுமாக நின்றாய். காய்ச்சல்காரரைக் காக்க வைத்து எனக்கா தண்டனை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மயிலையும் புலியையும் சொல்லி முடித்தேன். அவர் விரலை நீட்டினார்.

நுண்ணோக்கியில் தெரிந்தது மூளையைத் தாக்கக்கூடிய மலேரியா. அன்றே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தார், ஆனால் அந்தச் சீசன் முடியும்வரை ஒரு பெட்டிகூடத் தூக்க முடியவில்லை.

“இதுதான் நீ சொன்ன புலியா?” என்று உன் நுண்ணோக்கியைக் காட்டிக் கேட்டேன்.

“இதுல லேபிள் தெரியாதுலே. ஆள் இருக்கானா, எந்த மலேரியான்னு மட்டுந்தான் தெரியும். வேற லேபிளா, போன வருசத்துப் பழசேதானான்னு எனக்குத் தெரியாது. புலின்னு எழுதிப்புடாத.”

இப்படி ஒரு மனிதனோடு எப்படிக் காலம் தள்ளுவது? அத்தனைக்கும், ஊரார் விரலையெல்லாம் குத்திய நீ உன் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்ததில்லை. மார்வலியை வாயு என்று சொல்லி ஞாயிறு ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தாய். ‘தெரியாது’ என்று சொல்லத் தெரிந்தவன், அன்று மட்டும் எல்லாம் தெரிந்ததுபோல வாயு என்றாய். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் லாரி ஷெட்டில் ஓட்டுநர் ஒருவர் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஒடிசா லோடு இறக்கி வந்தவர். “போன வருசம் வந்ததுதான், அண்ணாச்சி. தானா போயிரும்” என்றார். வாதாடவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். இப்போது உன் நாற்காலியில் ஒரு இளம்பெண் இருக்கிறார். நிதானமாகப் பார்த்துவிட்டு, கிருமி தென்படவில்லை, காய்ச்சல் விடாவிட்டால் நாளைக்கும் எடுக்க வேண்டும் என்றார்.

“அடுத்த லோடு கெளம்பிருச்சு. ஒண்ணுமில்லாததுக்கு இழுத்துட்டு வந்திருக்கீக. கிறுக்குப் புடிச்ச மனுசரா இருக்கீகளே” என்று ஓட்டுநர் வழி நெடுக என்னைத் திட்டினார். கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினேன். உன் அளவுக்கு அவருக்குத் திட்ட வரவில்லை.

மறுநாள் காலை, காய்ச்சல் விட்டதா என்று கேட்க அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.