முடிக்காத நாடகமும் விதை மல்லாட்டையும்

என் ஆசை அண்ணிக்கு,

முதலில் சந்தோஷமான சேதி. போன வாரம் நம்ம வீட்டில் விதைக் கடலைக்காக மல்லாட்டை உடைத்தபோது, எட்டுப் பொம்பளைகளும் சேர்ந்து பருப்பை ஓட்டுக் குவியலில் போட்டுவிட்டார்கள். ஓட்டைக் கொண்டுபோய்ப் பருப்புக் கூடையில் போட்டுவிட்டார்கள். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் நான் எழுதிக்கொண்டிருக்கிற நாடகம்.

இருங்க, வரிசையாகச் சொல்கிறேன். நீங்க இருந்திருந்தால் இந்நேரம் "கதைய வளக்காத ரீட்டா, விசயத்துக்கு வா" என்று அதட்டியிருப்பீங்க.

மாதா திருவிழாவுக்கு இந்த வருஷம் ஒரு நாடகம் போடலாம் என்று சாமியார் சொன்னார். யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் அண்ணன் எழுந்து நின்று, "எங்க ரீட்டா எழுதுவா" என்று சொல்லிவிட்டார். நான் எழுதுகிற விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லியிருக்கணும். புடவை அடுக்குக்கு அடியில் நான் நோட்டு ஒளித்து வைத்தது வேறு யாருக்குத் தெரியும்?

நம்ம கதையைத்தான் எழுதுகிறேன், அண்ணி. வாழப்போன இடத்தில் சரிப்பட்டு வராமல், ஒரு பெட்டியோடு திண்டிவனம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறாள் ஒருத்தி. "இது ஒன் வூடு, உள்ள வா" என்று பெட்டியை வாங்கிக்கொள்கிறாள் அவளுடைய அண்ணி. பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன். நாலு காட்சி மளமளவென்று வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாசம் ஒரு வரி நகரவில்லை.

யாரிடமாவது காட்டலாம் என்றால் உடம்பு கூசியது. இத்தனைக்கும் நான் பார்க்கிற வேலை என்ன? விழுப்புரத்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை டைப் அடிக்கிறேன். தினமும் நாலு பேரிடம் ப்ரூஃபை நீட்டி, "தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அச்சானப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல" என்று சொல்கிறவள். ஒரு தடவை மாப்பிள்ளை பேரும் மாமனார் பேரும் இடம் மாறிப்போய் அசடு வழிந்தேனே, அதற்குக்கூட வெட்கப்படவில்லை. சொந்த எழுத்து என்றால் மட்டும் பிழையே இல்லாமல் பிறக்க வேண்டும் எனக்கு.

இந்த நேரத்தில்தான் ஆடிப் பட்டத்துக்கு விதை உடைக்கிற வேலை வந்தது. மெஷினில் போட்டால் பருப்பு அடிபட்டு முளைக்காமல் போகும் என்று அண்ணன் கையால்தான் உடைக்க வைப்பார், உங்களுக்குத் தெரியாததா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்தபோது வேப்பமரத்தடியில் எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பக்கத்துக் கழனிக்கார கன்னியம்மா அக்கா, உங்க கூட்டாளி.

"இன்னாமோ நாடகம் எழுதறியாமே, படியேன் கேப்போம். கைக்குத்தான் வேலை, காது சும்மாதான கீது" என்றார்.

"இன்னும் முடிக்கலக்கா."

"முடிச்சப்புறம் ஊரே பாக்கப் போவுது. அப்ப நாங்க சொல்லி இன்னா ஆவப்போவுது?"

நான் வாடிக்கையாளர்களிடம் சொல்கிற அதே பேச்சு. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன்.

மூன்று காட்சி படித்தேன். "நல்லா கீது ரீட்டா, அழகா எழுதியிருக்க" என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கைகள் டக் டக்கென்று உடைத்துக்கொண்டே இருந்தன, அண்ணி. ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. பெட்டியை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நான் கண் கலங்குகிறேன், அங்கே அடுத்த மரக்கால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அண்ணியைப் பறிகொடுத்தவள், பாவம், மனசு நோகக் கூடாது என்று வாய் பேசுகிறது. கதை அவர்களைத் தொடவே இல்லை என்பது கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

நோட்டை மூடினேன். "உண்மையச் சொல்லுங்க. இல்லன்னா யாருக்கும் டீ கிடையாது" என்றேன்.

கன்னியம்மா அக்காதான் வாயைத் திறந்தார். "கோச்சிக்காத. அந்த அண்ணிக்காரி இன்னா, மாதா செலையா? எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கினே நிக்கிறா. ஒன் அண்ணி அப்படியா இருந்தா? வாய்க்கா தண்ணிக்கு எங்கூட எவ்ளோ சண்டை போட்டுக்கினு இருந்தா! மூணு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் கொழம்ப தூக்கிக்கினு அவளேதான் வந்தா."

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ரேஷன் கடையில் வரிசை தாண்டி வந்தவரின் பையை நீங்க பிடுங்கி வைத்துக்கொண்டது, கோழி திருடுபோன அன்றைக்குத் தெருவையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டது, அந்தக் கோழி சாயங்காலம் தானாக வீடு வந்து சேர்ந்தது. "சரியான பேஜாரு புடிச்ச பொம்பள" என்று ஒருத்தர் சொல்லி மூக்கை உறிஞ்சினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அழவும் அழுதேன். நீங்க போய் ஒன்றரை வருஷமாக உங்களை நல்லவளாக்கி, நல்லவளாக்கி, உங்க முகமே எனக்கு மறந்துகொண்டு வந்திருந்தது. அவர்கள் பத்து நிமிஷத்தில் உங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

திங்களும் செவ்வாயும் விழுப்புரம் போகிற ரயிலில் மடியில் நோட்டை வைத்து அடித்து அடித்து எழுதினேன். எழுதப் பயந்த இடம் ஒன்று இருந்தது, அதைத்தான் ஐந்தாவது காட்சியாக எழுதினேன். எதென்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குக் காலையில் நீங்க மறுபடி நோட்டைக் கேட்டீங்க. "முடிச்சிட்டுக் காட்றேன் அண்ணி" என்றேன், எத்தனையாவது தடவையோ. நீங்க அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தீங்க. "எட்டாவது படிச்சவளுக்கு இன்னா புரியப்போவுதுன்னு நெனைக்கிறியா? ஒன் கஷ்டத்தக் கேக்க நான் வேணும், ஒன் எழுத்தப் பாக்க வாணாமா?" நான் பதில் சொல்லாமல் ரயிலுக்கு ஓடினேன். அந்த வாரமே உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் அதைப் பற்றிப் பேசுகிற நிலைமையில் நீங்க இல்லை.

உங்களுக்குப் புரியாது என்றா மறைத்தேன்? எல்லோரையும் விட உங்களுக்குத்தான் புரியும், அரைகுறையாக இருந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவீங்க என்று பயந்து மறைத்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் விட்டதற்கு என்னை நானே மன்னிக்கவில்லை, அண்ணி.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் அந்தக் காட்சியைப் படித்தேன். கடைசி வரி படித்து நிமிர்ந்தால் கைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. நிற்பதற்கு முன்னால்தான் அந்தக் கூத்து, பருப்பு ஒரு பக்கம் ஓடு ஒரு பக்கம் என்று எல்லாம் தலைகீழ். யாரும் கவனிக்கவே இல்லை.

"இதுக்கு மேல எழுதலக்கா. அவ இப்ப இன்னா பதில் சொல்லணும்?" என்று கேட்டேன்.

ஒருத்தர், காலில் விழட்டும் என்றார். அதெல்லாம் சினிமாவில் என்று இன்னொருத்தர் அடக்கினார். கன்னியம்மா அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதிலே வாணாம். அந்த நோட்ட எடுத்தாந்து அவ மடியில போடட்டும். பாதியோ முக்காலோ, கீறதக் குடுக்கட்டும். அவ அதத்தான கேட்டா?" என்றார்.

அப்போதுதான் அண்ணன் வந்து கூடையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். எவ்வளவு நேரமாக மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டாரோ தெரியவில்லை, கண் சிவந்திருந்தது. ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு, "பொடைச்சிப் பிரிச்சிக்கலாம். நீ ஜல்தியா எழுதற வேலையப் பாரு" என்றார்.

உங்க வேஷத்துக்கு ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. "கோவம் எனக்கு நல்லா வரும்" என்று கன்னியம்மா அக்காவே எடுத்துக்கொண்டார். இப்போதே என்னை இரண்டு தடவை அதட்டிவிட்டார். உங்க அதட்டல் மாதிரியேதான் இருக்கிறது.

ஆறாவது காட்சி இன்னும் எழுதவில்லை. எப்படி முடியப்போகிறது என்று தெரியும், இன்றைக்கே உட்கார்ந்தால் வந்துவிடும். முடித்து, நல்ல தாளில் டைப் அடித்து, அழகாகக் கொண்டு போகலாமே என்று பழைய புத்தி சொல்கிறது. அதன் பேச்சை இந்தத் தடவை கேட்க மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே உங்க கல்லறைக்கு வருகிறேன். அடித்தல் திருத்தலோடு, ஐந்து காட்சியோடு, அந்த நோட்டையே கொண்டு வந்து உங்களிடம் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுகிறேன். அதற்கப்புறம்தான் மீதியை எழுதுவேன். இது சத்தியம்.

அரைகுறையோடு வரப்போகிற,
உங்க நாத்தனார் ரீட்டா