சுவருக்குக் குளிராது

அன்புள்ள அம்மாவுக்கு, பூங்குழலி வணங்கி எழுதுவது. நாமக்கல் விடுதியில் நலமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா?

மார்கழிக்காக ஒன்றாம் வகுப்புச் சுவரை அலங்கரித்தோம். சின்னப் பிள்ளைகள் வண்ணத்தாளில் ஸ்வெட்டர் வெட்டி ஒட்டினார்கள். நம் கொல்லிமலைச் சிறுமி சுஜிதா மட்டும் தன்னுடையதைத் தரவில்லை.

"செவுத்துக்குக் குளுராதுங்க அக்கா. ஊட்டுல எங்க தம்பிக்குத்தான் குளுரும்" என்றாள்.

எல்லோரோடும் நானும் சிரித்தேன். அப்புறம் நம் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. அப்பா இறந்ததிலிருந்து அவருடைய ஸ்வெட்டர் ஆணியிலேயே தொங்குகிறது. நீங்களோ விடியற்காலையில் வெறும் சேலையோடு மிளகுத் தோட்டத்துக்குப் போகிறீர்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. அப்பா வாசம் போய்விடும் என்று நினைத்தால் துவைக்க வேண்டாம்.

உங்கள் கண்ணு,
பூங்குழலி