பால் தெளிக்காத சக்கரங்கள்

ஏப்ரல் 9

இன்று வண்டியை நானே எடுத்தேன். மண்டல்கோவியிலிருந்து தலன்சட்கத் வரை. ஒன்பது பயணிகள், இரண்டு ஆட்டுக்குட்டிகள், ஒரு தையல் மெஷின். எல்லாம் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. எழுத வேண்டியது இவ்வளவுதான். ஆனால் கோபம் தணியவில்லை, அதனால் மேலும் எழுதுகிறேன்.

என் புருஷன் லுப்சான் தொடையில் கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறான். பிப்ரவரியில் வண்டிக் கூரையில் மூட்டை கட்டும்போது வழுக்கி விழுந்தது. ஒரு வருஷம் கிளட்ச் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். உடனே, வண்டியைத் தன் டிரைவர் சிநேகிதன் கோம்போவுக்குக் கொடுத்துவிடலாம் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவள் நான். அதை அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை.

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டான்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எவனாவது கயிறு கட்டி உன்ன இழுத்தான்னு என் காதுல விழட்டும். அன்னிக்கே வண்டி கோம்போவுக்கு."

"விழாது."

"என்ன விழாது?"

"உன் காதுல விழாது. நடந்தாத்தானே விழும்?"

கிளம்பும்போது யாரும் பால் தெளிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அவன் கிளம்பிய ஒவ்வொரு காலையிலும், ஒன்பது குழிக் கரண்டியில் பால் எடுத்துச் சக்கரங்களுக்கும் அவன் போகிற திசைக்கும் தெளித்தவள் நான். போகிற வழி நல்லபடியாக இருக்க வீட்டுக்காரி செய்கிற சடங்கு அது. இப்போது வீட்டுக்காரியே ஓட்டுகிறாள், என்ன செய்வது? பக்கத்துக் கூடாரத்து ஹந்தா அக்கா செம்போடு ஓடி வந்தாள். "நான் தெளிக்கிறேன்டி யந்ஜிமா, வெறும் சக்கரத்தோட போகாதே."

"வேண்டாம்க்கா. தெளிக்க வேண்டிய ஆள் உள்ள படுத்திருக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் என்ன பொம்பளையா?"

சரி. பால் இல்லாமலும் சக்கரம் சுற்றும்.

ஏப்ரல் 11

திரும்பி வந்தேன். ஒரு பஞ்சர், நானே மாற்றினேன். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 17

சாலை போடுகிறோம் என்று கோபிப் பாலைவனத்தையே கிளறிப் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு மண்மேடு, மேலே வழுவழுவென்று உருளை ஓட்டிய தளம். அதில் நாங்கள் ஏறிவிடக்கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மண்குவியல். அவர்களுடைய தளம் கெடக்கூடாது, எங்கள் இடுப்பு ஒடியலாம். மேட்டுக்குக் கீழே, சலவைப்பலகை மாதிரி வரிவரியான தரையில், பல்லைக் கடித்துக்கொண்டு போகிறோம். பழைய தடங்களை லாரிகள் அறுத்துவிட்டன. நேற்று இருந்த வழி இன்று பள்ளம்.

ஸ்டாண்டில் கோம்போ எல்லா டிரைவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான், "தங்கச்சி, தார் போட்டு முடிக்கட்டும், அப்புறம் வா. அப்போ பொம்பளைங்களும் ஓட்டலாம்."

"தார் போட்டுட்டா யார் வேணும்னாலும் ஓட்டலாம் அண்ணே. அப்போ நீங்க ஓட்டுங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

தலைநகரத்திலிருந்து வந்த ஒரு பையன் பாதி வழியில், "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்று கேட்டுத் தொலைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்டால் எது நடக்கக்கூடாதோ அது நடக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, வாயில தயிர்க்கட்டியப் போட்டு மூடிக்க" என்றார். அடுத்த ஓவோவில், வழித்தெய்வத்துக்கு அடுக்கிய கற்குவியலைப் பார்த்து மூன்று முறை ஹாரன் அடித்தேன். கூட ஒன்று சேர்த்து நாலாகவே அடித்தேன்.

ஏப்ரல் 24

தூசிப்புயல். மூன்று மணிநேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். வண்டி மூக்கை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினேனோ அங்கேயே வைத்திருந்ததால் திசை தவறவில்லை. பயணிகள் பாட்டுப் பாடினார்கள். எனக்குக் குரல் கிடையாது, ஆனாலும் பாடினேன்.

மே 1

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

தப்பு என்னுடையது. கோபியில் வண்டி ஓட்டுகிற எவரும் செய்கிற தப்பு, ஆனால் செய்தது நான். இருபது தடம் பிரிந்தால் எதைப் பிடிப்பாய்? எது புதியதோ அதை. நேற்று ஒருவன் போனான் என்றால் இன்று நீயும் போகலாம். பாட்டன் காலத்திலிருந்து இதுதான் கணக்கு. முதல் கிணறு தாண்டி, சிவப்புக் குன்றுக்குக் கீழே தடம் இரண்டாகப் பிரிந்தது. வலதுபக்கம் அன்றைக்குக் காலையில் பதிந்த சக்கர அச்சு, ஓரம்கூட உதிரவில்லை. பிடித்தேன்.

அது பயணிகள் தடமே இல்லை. மேட்டுக்கு மண் அள்ளுகிற லாரிகளின் தடம். குன்றைச் சுற்றியதும் நேரே மண்குழி. தண்ணீர் லாரி கழுவிவிட்ட சேறு, மேலே காய்ந்த தோல், உள்ளே கூழ். பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன. லாரிக்காரர்கள் காலை நடையை முடித்துப் போய்விட்டார்கள். ஒரு மனுஷன் இல்லை.

என்ன புத்தி எனக்கு! இத்தனை நாளாகப் பார்க்கிறேன், புதுத் தடம் எல்லாம் லாரித் தடம்தான் என்று ஏன் தோன்றவில்லை?

எல்லாரும் இறங்கினார்கள். வெட்டினோம், கல் போட்டோம், சக்கரம் கல்லையும் விழுங்கியது. மதியம் திரும்புகிற நேரத்தில் பின்னால் இன்னொரு வண்டிச் சத்தம். கோம்போ. குழியின் விளிம்பில் பிரேக் அடித்து நிறுத்தினான்.

"நீங்க எப்படி அண்ணே இந்தப் பக்கம்?"

"உன் தடம்தான் புதுசா இருந்துச்சு" என்றான். சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவனுக்கு உறைத்தது.

நான் சிரித்துவிட்டேன். சேறு முழங்கால் வரை, அழுகை தொண்டை வரை, ஆனாலும் சிரித்தேன். அவன் முகம் கறுத்தது. கயிற்றை எடுத்து ஆட்டிக் காட்டினான்.

"கட்டட்டுமா? அஞ்சு நிமிஷ வேலை."

பயணிகள் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன, யார் இழுத்தால் என்ன. எனக்கு அந்தக் கயிறு பட்டால் வண்டி போச்சு.

"கயிற உங்க வண்டியிலயே வைங்க அண்ணே. உங்களுக்கே வேண்டியிருக்கும்."

"ராத்திரி குளிர்ல வெறைச்சுக் கிட, போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பயணிகளில் இரண்டு பேர் அவனோடு ஏறிக்கொண்டார்கள். ஏறட்டும்.

அப்போது, பயணிகளோடு வந்திருந்த ஹந்தா அக்கா வண்டிக் கூரையைக் காட்டினாள். தலன்சட்கத்தில் இருக்கிற மகனுக்கு இந்த மாதம் கல்யாணம். புதுக் கூடாரத்துக்கென்று அவள் குளிர்காலம் முழுக்கச் சேர்த்த வெள்ளைக் கம்பளம், உருட்டிக் கட்டி மேலே கிடந்தது.

"இறக்குடி."

"அக்கா, அது புதுப்பொண்ணுக்கு…"

"புதுப்பொண்ணு இந்த ரோட்டுலதானே வரணும்? இறக்கு. தட்டிப் போட்டா தூசி போகும். கறை போகலன்னா மாமியார் கதையா சொல்லிக்கறேன்."

பின்சக்கரங்களுக்குப் பின்னால் விரித்தோம். ரிவர்ஸ் போட்டேன். ஏழு பேர் முன்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி ஒருமுறை உறுமி, பின்வாங்கி, கம்பளத்தின்மேல் ஏறி வெளியே வந்தது. நான் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மே 3

வீட்டுக்கு வந்தேன். கதை எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"கோம்போ கயிறு கட்டி இழுத்தானாமே. சனிக்கிழமை வந்து சாவிய வாங்கிக்கச் சொல்லிட்டேன்."

"கட்டல."

"அப்போ அவன் பொய் சொல்றானா? இருபது வருஷப் பழக்கம்."

"உனக்கும் எனக்கும் பத்தொன்பது. ஒரு வருஷம்தான் குறைச்சல்."

ஹந்தா அக்கா மகன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். போன் போட்டு, நடந்ததைச் சொல்லச் சொல்லலாம். மாட்டேன். என் வீட்டில் நான் பேச எனக்கு எதற்குச் சாட்சி? சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எவன் வந்து எடுக்கிறான் பார்க்கிறேன்.

மே 5

காலையில் வண்டியைச் சுற்றித் தூசியில் ஊன்றுகோல் தடம். குழி குழியாக முன்பக்கம் போய், பின்பக்கம் வந்து, நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

கோம்போ வந்தான். பால் தேநீர் கொடுத்தேன், உப்பு ஒரு பிடி அதிகமாக. லுப்சான் மெதுவாகக் கேட்டான்.

"எந்தக் கொக்கியில கட்டின?"

"பின் கொக்கியிலதான்."

"விழறதுக்கு மொத நாள் அந்தக் கொக்கியில நான் கிரீஸ் பூசினேன். இன்னும் அப்படியே இருக்கு, மேல விரல் தடிமனுக்குத் தூசி. கயிறு பட்டிருந்தா வழிச்சிருக்கும். முன் கொக்கியும் பாத்துட்டேன், அதுலதான் கட்டினேன்னு மாத்திச் சொல்லாதே."

கோம்போ தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

நான் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? படவில்லை. "கொக்கி சொன்னா நம்பறே. நான் சொன்னா நம்பல" என்றேன். இனி அவன் தட்டில் சோறு வைப்பேன், பேச்சு வைக்கமாட்டேன்.

மே 8

பால் இல்லாமல் கிளம்பினேன்.

மே 22

இன்று லுப்சான் என் பயணி. காலுக்குப் படம் எடுக்கத் தலன்சட்கத் ஆஸ்பத்திரி. முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு குழிக்கும் தன் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தான். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

முதல் கிணறு தாண்டியதும் இவனே, இருபது வருஷ டிரைவரே, வலி தாங்காமல், "எப்போ போய்ச் சேருவோம்?" என்றான். பின்னால் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுத்த ஓவோ வரை காத்திருந்து ஹாரன் அடித்தேன். அவன் காது மடல் சிவந்தது.

சிவப்புக் குன்றடியில் தடம் பிரிந்தது.

"வலது. புதுத் தடம்" என்றான். யோசிக்கக்கூட இல்லை.

நான் இடதுபக்கம், புல் முளைக்கத் தொடங்கிய பழைய தடத்தில் திருப்பினேன்.

"யந்ஜிமா, வலதுன்னேன்!"

"கேட்டுச்சு."

குன்றின் தோள் தாண்டியதும் குழி கண்ணுக்குத் தெரிந்தது. அதில் ஒரு கார் மூக்கைப் புதைத்துக் கிடந்தது, பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன் தலையில் கை வைத்து நின்றான். லுப்சான் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இறங்கிப் போய் அந்த ஆளுக்குக் கயிறு கட்டி இழுத்து விட்டேன். திரும்பி ஏறும்போது லுப்சான் கதவை உள்ளேயிருந்து திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

தலன்சட்கத் வரை அவன் கால் பிரேக்கைத் தேடவில்லை.

மே 29

வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றிக்கொண்டிருந்தேன். கூடாரத்தின் கதவு திறந்தது. ஒரு கக்கத்தில் ஊன்றுகோல், ஒரு கையில் செம்பு, வாயில் கவ்விய கரண்டி. கல்யாணம் முடிந்து வந்திருந்த ஹந்தா அக்கா செம்பை வாங்கப் போனாள். "விடுங்க அக்கா" என்று கரண்டியைக் கவ்விக்கொண்டே சொன்னான்.

"எந்தப் பக்கம் முதல்ல?" என்று என்னைக் கேட்டான்.

"போற பக்கம்."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அளவு தெரியவில்லை, கரண்டியை வீசின வேகத்தில் சக்கரத்துக்குப் போக வேண்டியது பாதி என் கண்ணாடியில் வந்து அடித்தது.

"கண்ணாடில பட்டுடுச்சு. தொடச்சுக்க."

"சரி" என்றேன்.

துடைக்கவில்லை. முந்நூறு கிலோமீட்டரும் பால்மேல் தூசி ஒட்டி, வலதுபக்கம் பாதி தெரியாமல், கழுத்தை நீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். வைப்பரை ஒருமுறைகூடப் போடவில்லை.