மழைப் பாடலும் நான்கு பாடங்களும்

அன்புள்ள உங்களுக்கு,

பள்ளியில் பேசினால், "எழுத்துல குடுங்க டீச்சர்" என்கிறீர்கள். வீட்டில் பேசினால், "ஸ்கூல் பேச்ச வாசல்லயே விட்டுட்டு வா" என்கிறீர்கள். கணவரே தலைமையாசிரியராகவும் வாய்த்தால், பக்கத்து அறைக்கும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மேகம் கடல்நீரைக் குடித்து மலையில் பொழிவதாகச் சொல்லும் பழம்பாடல் ஒன்றை ஏழாம் வகுப்பில் நடத்தினேன். அதையே வைத்து அறிவியல் ஆசிரியர் நீராவியையும், புவியியல் ஆசிரியை காற்றையும், கணக்கு ஆசிரியர் மழையளவையும் நடத்தினார்கள். மூன்றாம் வாரம் நம் மகள் எழுந்து, "கடல் தண்ணியக் குடிச்ச மேகம்தானே சார், மழை ஏன் உப்புக் கரிக்கல?" என்று கேட்டாள். வகுப்பில் வாயே திறக்காதவள். "என்கிட்ட ஒரு பிள்ள கேள்வி கேட்டு எத்தன வருஷமாச்சு டீச்சர்" என்றார் அறிவியல் ஆசிரியர்.

மறுநாள் கூட்டத்தில், "பாட்டு பாட்டா இருக்கட்டும், கணக்கு கணக்கா இருக்கட்டும்" என்று எல்லோர் முன்னாலும் நான்கு பாடங்களையும் சேர்த்து நான் போட்ட அட்டவணையைச் சிவப்பு மையால் அடித்தீர்கள். வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டியா" என்று கேட்டீர்கள்.

உப்புக்கான விடையை உங்களிடம் சொல்ல வந்த மகள், நீங்கள் கோப்பு புரட்டுவதைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு ஆசிரியர்களும் இந்தச் சேர்ந்த பாடத்தைப் பள்ளி நூலகத்தில் நடத்துவதாக இருக்கிறோம். சாவி உங்கள் சட்டைப்பையில். மனைவியாக அதை எடுப்பது ஒரு நிமிட வேலை, எடுக்க மாட்டேன். தலைமையாசிரியர் தன் கையால் தர வேண்டும். தராவிட்டால் மாடிப்படியில் உட்காருவோம். முதல் படியில் உங்கள் மகள் இருப்பாள்.

இரண்டு இடத்திலும் உங்களுக்குக் கட்டுப்பட்டுச் சலித்த,
ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை